தோளில் நாலு கிலோ: குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஒரு பாதயாத்திரை

பிப்ரவரி 4, செவ்வாய். காரைக்குடி

2025 தைப்பூசம் பிப்ரவரி 11-ல் வருகிறது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பூசத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பழனியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் நாளை விடியுமுன் கிளம்பியாக வேண்டும். திட்டம் போடுகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: கிளம்பும் நாளிலிருந்து எண்ணாதீர்கள், போய்ச் சேரும் நாளிலிருந்து எண்ணுங்கள். சராசரியாக நாளுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். முப்பது நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் அவர்கள் பாதத்தைப் பார்த்தால் தெரியும்.

சென்னையிலிருந்து நேற்று பல்லவன் ரயிலில் வந்து இறங்கினேன். அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி, சித்தப்பா மகன், நான், இவ்வளவுதான் எங்கள் குழு. சாமான் வண்டி கிடையாது. பெரிய குழுக்கள் ஒரு குட்டியானையை (சின்ன லோடு வண்டி) வாடகைக்குப் பிடித்து, மூட்டை முடிச்சு, பாய், அடுப்பு எல்லாவற்றையும் அதில் ஏற்றி முன்னால் அனுப்பிவிடுவார்கள். வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் வண்டி அவசியம். ஆனால் வண்டி எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் நடந்தே தீர வேண்டியிருக்கும். கால் வலிக்கிற இடத்தில் உட்கார முடியாது, துண்டு வண்டியில் இருக்கும். குளிக்கத் தோதான கிணறு கண்ணில் பட்டாலும் மாற்றுத்துணி பத்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும். நம் சுமை நம்மிடமே இருந்தால் எந்த மரத்தடியும் நமக்குத் தங்கும் இடம்தான். அதற்கு ஒரே நிபந்தனை, சுமை சிறியதாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவைத்து, அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்.

"ஏண்டி, இது எதுக்கு?"

"அவசரத்துக்கு, அத்தை."

"என்ன அவசரம்? சொல்லு, கேப்போம்."

சொல்லத் தெரியாதது எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டது. ஹேர் டிரையர், இரண்டாவது ஜோடிச் செருப்பு என்று யாரும் எடுத்து வருவதில்லை. பாரம் ஏற்றுவது நியாயமாகத் தோன்றும் பொருள்கள்தான்: கனமான போர்வை, ஒரு கிலோ பிஸ்கட்டும் முறுக்கும், பெரிய ஷாம்பு பாட்டில், நாலு செட் துணி, காற்று அடைக்கும் தலையணை.

கடைசியில் என் பையில் நின்றவை இவை. உடுத்தியிருப்பது ஒரு சுடிதார், மாற்றுக்கு ஒன்று. இரண்டும் மெல்லிய பருத்தி, வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும். பழனியில் சாமி பார்க்க ஒரு பச்சைச் சேலை, லேசானது. தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாலை வரை காயாது. ஈரிழைத் துண்டு போதும். ஒரு எட்டு முழ வேட்டி: விரிப்பும் அதுதான், போர்வையும் அதுதான், துணி மாற்றும்போது இருவர் பிடித்துக்கொண்டால் மறைப்பும் அதுதான். கீழே விரிக்க ஆறடிக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் துண்டு ஒன்று. பனியும் ஈரமும் ஏறாது, சுருட்டினால் கைக்குள் அடங்கும். டார்ச், ஊக்கு, ஊசி நூல், பிளாஸ்டர், பஞ்சு, தேங்காய் எண்ணெய், வாஸ்லைன், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், அத்தையின் பிரஷர் மாத்திரை இரண்டு பங்கு (ஒரு பங்கு என்னிடம், ஒரு பங்கு அவரிடம்). எவர்சில்வர் தம்ளர் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சுருக்குப்பையில் பத்தும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டுகள், ஆதார் நகல், வீட்டு நம்பர்களை எழுதிய ஒரு சீட்டு. மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை. விபூதி.

தண்ணீரோடு சேர்த்து நாலு கிலோ. கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தராசில் தொங்கவிடுங்கள். வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கும்போது ஏழு கிலோவும் லேசாகத்தான் இருக்கும்.

திரும்பி வரும் டிக்கெட் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பூசத்தன்று பழனி ஸ்டேஷனில் ஏறுவதை நான் விரும்பவில்லை. அதனால் மறுநாள் 12-ம் தேதி இரவு திண்டுக்கல்லில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுவதாகப் போட்டேன். பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், பஸ் எப்படியும் கிடைக்கும். ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன். குன்றக்குடி, திருப்பத்தூர்

இன்று பழனியில் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றம். இங்கே சண்முகநாதரைக் கும்பிட்டு, மூன்றரை மணிக்கு அரோகரா சொல்லிக் கிளம்பினோம்.

குன்றக்குடிச் சாலை இந்த நாட்களில் தூங்குவதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் காவடிகள் இங்கேதான் கூடிக் கிளம்புகின்றன. நானூறு வருஷத்துக்கு மேலான மரபு. ஆச்சியின் அப்பச்சி காவடி எடுத்தவராம். அவர்கள் பழனிக்கு நடந்து போவதோடு நிற்பதில்லை, பூசம் முடிந்து நடந்தேதான் ஊர் திரும்புவார்கள். "போகும்போது எல்லாரும் அரோகரான்னு வழியெல்லாம் சோறு போடுவாக. திரும்பி வாரப்ப பந்தல் இருக்காது, கூட்டம் இருக்காது. அதுதான் தம்பி நடை" என்று ஆச்சி தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆச்சி கையில் ஒரு துணிப்பை மட்டும்தான். அதற்குள் ஒரு சேலை, ஒரு துண்டு, விபூதிப் பை, கொஞ்சம் சுக்கு. எங்கள் பைகளை எல்லாம் தராசில் போட்டபோது ஆச்சியின் பையை யாரும் நிறுக்கவே இல்லை.

பிள்ளையார்பட்டிக்குப் பிரியும் இடத்திலேயே முதல் பந்தல்: சுடச்சுட பொங்கல், சுக்குமல்லி காபி. திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் இட்லி, லெமன் சாதம், மோர், வாழைப்பழம். இதனால்தான் சொல்கிறேன், இந்தப் பாதையில் சாப்பாட்டைச் சுமக்காதீர்கள். ஊர்க்காரர்கள் வருஷமெல்லாம் சேர்த்து வைத்து, இந்த ஒரு வாரம் வழியில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுகிறார்கள். நாம் பையில் முறுக்கைக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவது சரியாகப் படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கொடுக்கிறவர்கள் கையில் திணிப்பார்கள்: பிஸ்கட், தண்ணீர் பாட்டில், ஆரஞ்சு. வாங்கி வாங்கிப் பையில் போட்டால் மத்தியானத்துக்குள் இரண்டு கிலோ கூடிவிடும். அத்தை சொன்ன வழி, அங்கேயே நின்று சாப்பிட முடிந்ததை மட்டும் வாங்குவது. மற்றதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு "பின்னாடி வாரவுகளுக்குக் குடுங்க சாமி" என்றால் யாரும் வருத்தப்படுவதில்லை.

ஒன்பதரைக்கு நடையை நிறுத்திவிட்டோம். பிறகு மூன்றரை வரைக்கும் ஓய்வு. நாங்கள் நால்வரும் செருப்பில்லாமல் நடக்கிறோம், பதினொரு மணித் தாரில் கால் வைக்க முடியாது. வெயில் ஏறிவிட்டால் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து பாருங்கள், கறுப்புத் தாரைவிடச் சூடு குறைவு. வெறுங்காலில் வர நினைக்கிறவர்கள் மாலை போட்ட நாளிலிருந்தே தினமும் காலையில் கொஞ்ச தூரம் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும். நேர்த்திக்கடனில் செருப்பு இல்லை என்று சொல்லியிருந்தால்தான் வெறுங்கால். இல்லாவிட்டால் நன்றாகப் பழகிய செருப்போடு நடப்பதில் பக்தி ஒன்றும் குறையாது. புதுச் செருப்பு மட்டும் கூடவே கூடாது.

மாலையில் திருப்பத்தூர் தாண்டி நடந்து, மருதிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் படுத்தோம்.

பிப்ரவரி 6, வியாழன். சிங்கம்புணரி

இன்று எழுத அதிகம் இல்லை. வலப்பக்கம் பிரான்மலை ரொம்ப நேரம் கூடவே வந்தது. பாரியின் பறம்பு மலை அதுதான் என்று தம்பிக்குச் சொன்னேன். சிங்கம்புணரியில் சேவுகப் பெருமாள் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு, தென்னந்தோப்பு ஒன்றில் மத்தியானம் படுத்தோம்.

தம்பிக்கு இடது குதிகாலில் கொப்புளம். கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது. சூட்டில் காட்டிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிய விட்டு, தோலை அப்படியே மூடி, பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் போட்டோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யாமல், வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்டுவது நல்லது. ராத்திரி படுக்குமுன் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய். தொடை உரசாமல் இருக்க வாஸ்லைன், அது விடியற்காலையில் கிளம்புமுன். புண்ணான பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. நத்தம், உலுப்பகுடி

சமுத்திராப்பட்டி வழியாக நத்தம். மலைகள் நெருங்கி வருகின்றன. கரந்தமலை ஒரு பக்கம், தூரத்தில் சிறுமலை. மாந்தோப்புகள் பூவெடுத்திருக்கின்றன.

பெண்களுக்காக இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கிளம்புமுன் நான் தேடியபோது இதை யாரும் எழுதியிருக்கவில்லை. வழியில் கழிப்பறைதான் பெரிய சங்கடம். பந்தல் பக்கத்திலும் மண்டபங்களிலும் இருக்கும், இடையில் இருக்காது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பெண்களை நிறையப் பார்த்தேன். அது ரொம்ப ஆபத்து. வெயிலில் மயக்கம் வரும், நீர்க்கடுப்பு வரும். பெட்ரோல் பங்க் எங்கெங்கே இருக்கிறது என்று முந்தின நாளே போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கழிப்பறை இருக்கும். வழியோர வீடுகளில் கேட்கவும் தயங்க வேண்டாம். நத்தம் தாண்டி ஒரு வீட்டில் கேட்டேன். அந்த அம்மா பின்கட்டுக்கு அழைத்துப் போனதோடு, வெந்நீரும் எடுத்து வைத்து, "குளிச்சிட்டே போங்கத்தா, மொகமெல்லாம் புழுதியா இருக்கு" என்றார்.

குளிக்கும் இடங்களில் மறைப்பு இருக்காது. வேட்டி இங்கேதான் கைகொடுத்தது. நைட்டி ஒன்றைக் கொண்டுவரலாமா என்று யோசித்திருந்தேன், தேவைப்படவில்லை. நாப்கின் நாலைந்து, பயன்படுத்தியதைச் சுற்றிப் போட பழைய செய்தித்தாள், ஒரு கெட்டியான கவர். நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைக் கடையில் கேட்டு வாங்காமல், முன்னதாகவே டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

உலுப்பகுடியில் இரவு. மலையடிவாரம், பனி கொட்டுகிறது. பகலில் சுடும் ஊரில் ராத்திரி இப்படிக் குளிரும் என்று நகரத்தில் இருந்து வருகிறவர்களுக்குத் தோன்றாது. ஃப்ளெக்ஸ் துண்டை விரித்து, வேட்டியைப் போர்த்தி, மாற்று சுடிதாரையும் மேலே மாட்டிக்கொண்டு, காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டேன். போர்வை இல்லாத குறையே தெரியவில்லை. தலைக்கும் காதுக்கும் பனி படாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும்.

பிப்ரவரி 8, சனி. திண்டுக்கல்

கோபால்பட்டி, சாணார்பட்டி, பிறகு திண்டுக்கல். விடியுமுன் நடக்கும்போது முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியே தீர வேண்டும். எங்கள் நாலு பைகளிலும் சிவப்புப் பட்டை. அத்தையின் கைத்தடியில் ஒன்று. வண்டி எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். நாலு பேர் கைகோத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி இருட்டில் நடுச்சாலையில் போவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்தச் சாலைகளில் பக்தர்கள் மேல் வண்டி மோதிய செய்தி வருகிறது. கறுப்புத் துணியும் கரும்பச்சையும் இருட்டில் டிரைவருக்குத் தெரியாது. பட்டை விலை சொற்பம், எடை என்று ஒன்றுமே இல்லை.

பாரத்தைக் குறைக்கத் திண்டுக்கல்தான் கடைசி நல்ல வாய்ப்பு. ஊருக்குள் கூரியர் கடைகள் நிறைய. வழியில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு குடும்பம் இரண்டு போர்வைகளையும் ஒரு பை துணியையும் இங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அந்த அண்ணன் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ஒட்டன்சத்திரம்

மதுரைப் பக்கம், திருச்சிப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் என்று எல்லாப் பாதைகளும் திண்டுக்கல்லில் சேர்ந்துவிடுகின்றன. இன்று சாலை முழுக்கப் பச்சையும் காவியும்தான். ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னாலேயே ஆச்சியைக் கூட்டத்தில் விட்டுவிட்டோம். போன் எடுக்கவில்லை. ஆனால் யாரும் பதறவில்லை. விடியற்காலையிலேயே பேசி வைத்திருந்தோம்: பிரிந்துவிட்டால் தேடித் திரும்பி நடக்கக் கூடாது, அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்படியே ஒட்டன்சத்திரத்தில் ஆச்சி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்த நம்பர் சீட்டைக் காட்டி, யாரோ ஒரு பையனின் போனிலிருந்து அத்தை வீட்டுக்கும் பேசிவிட்டார். கூட்டம் சேரச் சேர டவர் கிடைப்பதும் குறைகிறது. போனை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். மண்டபங்களில் சார்ஜ் போட இடம் கிடைக்கும் என்றாலும் காத்திருக்க வேண்டும். சின்ன பவர் பேங்க் நாலு பேருக்கு ஒன்று போதும்.

திண்டுக்கல்–பழனிச் சாலையில் பல இடங்களில் நடந்து வருகிறவர்களுக்கென்று பேவர் பிளாக் பதித்த தனி நடைபாதை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் இரு பக்கமும் காகிதக் கப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அன்னதானம் போடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் ஆளுக்கு ஒரு தம்ளர் கொண்டுபோனால் போதும். நான் தம்ளரை நீட்டியபோது மோர் ஊற்றிய பெரியவர், "எல்லாரும் இப்படி வந்தா நல்லாருக்கும் சாமி" என்று விளிம்பு வரை ஊற்றினார். என் பையில் அழகுக்கோ ஆசைக்கோ வைத்த பொருள் ஒன்றும் இல்லை. இந்தத் தம்ளரும் எனக்காக மட்டும் எடுத்தது இல்லை.

பிப்ரவரி 10, திங்கள். பழனி

கடைசி 28 கிலோமீட்டர். விருப்பாச்சியில் தம்பி கால் நீவிக்கொண்டு உட்கார்ந்தபோது அவனுக்கு வேலு நாச்சியார் கதையைச் சொன்னேன். காளையார்கோவிலில் 1772-ல் கணவரை இழந்த நாச்சியார், எங்கள் சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் இருந்தது இந்த விருப்பாச்சியில்தான். நாம் நடக்கிற இதே வறண்ட பூமி வழியாகத்தான் அவரும் வந்திருப்பார் என்றதும் அவன் எழுந்துவிட்டான். இங்கே விளையும் மலைவாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போனது. ஆயக்குடியில் கொய்யா கூடை கூடையாக. வாங்கித் தின்றோம், பையில் வைக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு மலை கண்ணில் பட்டது. அத்தை நடுவழியிலேயே நின்று அழுதுவிட்டார். எனக்கும் குரல் எழும்பவில்லை. ஆச்சிதான் எல்லாருக்குமாகச் சேர்த்து அரோகரா சொன்னார்.

இடும்பன் குளத்தில் குளித்தோம். இரவு திருக்கல்யாணம், அதனால் ஊருக்குள் நெரிசல். தங்க அறை வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே பார்க்க வேண்டும்; அதை நம்பி வராதீர்கள். ஃப்ளெக்ஸ் துண்டு இருந்தால் மண்டபத்தில் ஆறடி இடம் போதும்.

பிப்ரவரி 12, புதன். திண்டுக்கல் ஸ்டேஷன்

நேற்று எழுத நேரமில்லை. அதிகாலையில் அடிவாரத்தில் திருஆவினன்குடிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலையேறினோம். 693 படி. அத்தையும் ஆச்சியும் யானைப்பாதையில் மெதுவாக வந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் தோது. விஞ்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன, ஆனால் பூசத்தன்று அந்த வரிசையில் நிற்கிற நேரத்தில் இரண்டு முறை ஏறி இறங்கிவிடலாம். மலைமேல் போன் கொண்டுபோக முடியாது, கீழே கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைச் சுருக்குப்பையில் வைத்து ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதிக்குள் தனியார் வண்டிகளை விடுவதில்லை, எனவே அழைத்துப்போக யாராவது வருவதாக இருந்தால் வெளியே ஒரு இடத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

தரிசனத்துக்குப் பல மணி நேரம் நின்றோம். ராஜ அலங்காரத்தில் முருகன் முகத்தைப் பார்த்தது சில நொடிதான். போதும்.

மாலை தேரோட்டம் பார்த்து, இரவு மண்டபத்தில் தூங்கி, இன்று காலை நிதானமாகத் திண்டுக்கல் பஸ் ஏறினோம். நேற்று இரவே ஊருக்குக் கிளம்பியவர்கள் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு இடம் பிடிக்க ஓடியதைப் பார்த்த பிறகு, ஒரு நாள் தள்ளித் திரும்புவது என்று போட்ட திட்டத்தை இனி மாற்றவே மாட்டேன். அத்தையும் ஆச்சியும் தம்பியும் இங்கிருந்து காரைக்குடி பஸ் பிடித்துவிட்டார்கள். எனக்குப் பாண்டியன் வர இன்னும் நேரம் இருக்கிறது. பையில் இப்போது பஞ்சாமிர்த டப்பாக்கள் ஏறியிருக்கின்றன; திரும்பும்போது எடை கூடினால் பரவாயில்லை.

பங்குனி உத்திரத்துக்கு நடக்கப் போவதாகச் சொல்லி, என்ன எடுத்துப்போவது என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். இந்த வருஷம் அது ஏப்ரல் 11. மேலே சொன்ன பட்டியல் அதற்கு அப்படியே பொருந்தாது. பனி இருக்காது, வெயில் கொளுத்தும். காதுக்குக் கட்டும் துணி வேண்டாம், தொப்பியோ குடையோ வேண்டும். தண்ணீர் ஒரு லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர். காலை நடையை எட்டரைக்கே நிறுத்த வேண்டும். கொங்குப் பக்கத்தார் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியாகக் கொண்டு வருவது அந்தத் திருவிழாவுக்குத்தான். தீர்த்தத்தில் ஒரு சொட்டும் குறைக்க முடியாது. அப்படித் தீர்த்தம் சுமக்கிறவளாக இருந்தால் மாற்றுத்துணியைக்கூட ஒன்றோடு நிறுத்திக்கொள், மற்றதை எல்லாம் கூட வருகிறவர்கள் பையில் பிரித்துப் போடு.